பயிரின் இனத்தூய்மை காக்கும் முறைக்கு ஒருவர் காப்புரிமை கோரினால் எதிர்ப்பது எப்படி

ஒரு ரகத்தை விதைத்த நாள் முதல் மூட்டை கட்டும் நாள் வரை வேறு ரகத்தோடு கலக்காமல் காப்பது, உழவரும் விதை உற்பத்தியாளரும் தலைமுறைகளாகச் செய்துவரும் வேலை. பக்கத்து வயலிலிருந்து விலகு தூரம் விட்டு நடுவது, பூக்கும் முன்பே கலவன்களை, அதாவது வயலில் கலந்து நிற்கும் வேறு ரகச் செடிகளை, பிடுங்குவது, ஒரு ரகத்தை அடித்து முடித்ததும் களத்தையும் கதிரடிக்கும் இயந்திரத்தையும் துப்புரவு செய்வது, விதை நெல்லைத் தனியே காயவைத்துத் தனிச் சாக்கில் கட்டுவது ஆகியவற்றில் எதையும் எவரும் தம் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொண்டதில்லை. மரபணுச் சோதனையும் கணினிப் பதிவும் கியூஆர் குறியீடும் இந்த வரிசையில் சேர்ந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. பழைய படிகளோடு புதிய படி ஒன்றைக் கோத்து, முழு வரிசையையும் ஒரே முறையாக எழுதிக் காப்புரிமை கேட்கும் விண்ணப்பங்கள் இப்போது வருகின்றன.

இதற்குக் காரணம் பணம். கால்நடைத் தீவனமாக மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்த ஸ்டார்லிங்க் என்ற மரபணு மாற்று மக்காச்சோளம், 2000 செப்டம்பரில் அமெரிக்கக் கடைகளில் மனிதர் உண்ணும் டாக்கோ ஓடுகளில் கண்டறியப்பட்டது. 2006-இல் எல்எல்601 என்ற அனுமதி பெறாத மரபணு மாற்று நெல்லின் தடயம் அமெரிக்க நீள்மணி அரிசியில் தெரியவந்தது. பாதிக்கப்பட்ட உழவர்களின் வழக்குகளை முடித்துக்கொள்ள அந்த நெல்லுக்கு உரிய பேயர் நிறுவனம் 2011-இல் 75 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டது. கலப்பில்லாத தானியம் என்று நிரூபிக்க முடிந்தவருக்குக் கூடுதல் விலை கிடைக்கத் தொடங்கியதும், அப்படி நிரூபிக்கும் வழிமுறையின் மீதே உரிமை கொண்டாடும் ஆசையும் பிறந்தது.

விதை உற்பத்தி செய்யும் உழவர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், சிறு விதை நிறுவனங்கள், மரபு ரகங்களைக் காத்துவரும் குழுக்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். காப்புரிமை முகவரோ வழக்கறிஞரோ தேவைப்படும் கட்டம் வரத்தான் செய்யும். ஆனால் அவரிடம் போவதற்கு முன் செய்யவேண்டிய வேலைதான் பெரும்பாலும் வழக்கின் போக்கைத் தீர்மானிக்கிறது, அதை வயலை அறிந்தவரே செய்ய முடியும்.

எந்த உரிமை என்பதை முதலில் தெளிவுபடுத்துங்கள்

"இந்தப் பயிருக்கு எங்களிடம் உரிமை இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், எந்தச் சட்டத்தின்படி என்று உடனே கேளுங்கள். 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் கண்டுபிடிப்புகளுக்கானது. அதில் கிடைக்கும் உரிமை விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள் நீடிக்கும். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம் ரகங்களுக்கானது. அதன் 39-ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட ரகமாக இருந்தாலும் உழவர் தம் விளைச்சலையும் விதையையும் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பரிமாறவும், வணிகப் பெயரிட்டு விற்காதவரை விற்கவும் உரிமை தருகிறது. பாஸ்மதிக்கு இருப்பதைப் போன்ற புவிசார் குறியீடு மூன்றாவது வகை. 2019-இல் குஜராத் உருளைக்கிழங்கு உழவர்கள் மீது பெப்சிகோ தொடுத்துப் பின்னர் திரும்பப் பெற்ற வழக்குகள் ரகப் பதிவை அடிப்படையாகக் கொண்டவை, காப்புரிமையை அல்ல. இந்த வேறுபாட்டைக் குழப்பிக்கொண்டு தவறான அலுவலகத்துக்கு எழுதினால், காலக்கெடு கடந்துவிடும்.

காப்புரிமைதான் என்று தெரிந்தால் அதன் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடல் தளமான இன்பாஸில் அந்த எண்ணை இட்டால், அது விண்ணப்பமாகவே நிற்கிறதா, வழங்கப்பட்டுவிட்டதா, ஆண்டுக் கட்டணம் செலுத்தப்படாமல் காலாவதியாகிவிட்டதா என்பது தெரியும். அமெரிக்காவில் மட்டும் வழங்கப்பட்ட காப்புரிமை இந்தியாவில் செல்லாது. ஆனால் அந்நாட்டுக்கு ஏற்றுமதி செய்பவர் அதைப் புறக்கணிக்கக் கூடாது.

தலைப்பை விட்டுவிட்டு உரிமைக்கோரல்களைப் படியுங்கள்

காப்புரிமை ஆவணத்தின் தலைப்பும் சுருக்கமும் விளம்பரம் போலவே விரிந்து பேசும். சட்டத்தின் வேலி எங்கே ஊன்றப்பட்டிருக்கிறது என்பதை ஆவணத்தின் இறுதியில் எண்ணிட்டுத் தரப்படும் உரிமைக்கோரல்களே சொல்கின்றன. அவற்றில் எந்தக் கோரல் தனித்து நிற்கிறது, எது முந்தைய கோரலைச் சார்ந்து நிற்கிறது என்று பிரித்துக்கொண்டு, தனித்து நிற்பவற்றை ஒவ்வொரு படியாக உடைத்துத் தாளில் எழுதுங்கள். ஒரு முறைக்கான கோரலில் ஐந்து படிகள் இருந்தால், அந்த ஐந்தையும் செய்பவரே பொதுவாக அதை மீறியவர் ஆவார். நான்கை மட்டும் செய்பவர் அல்லர்.

இனத்தூய்மை தொடர்பான கோரல்கள் பெரும்பாலும் நான்கு வகைப்படும். முதலாவது, வயலிலிருந்து கிடங்கு வரை பிரித்துவைத்தல், பதிவு செய்தல், குறியிடுதல் ஆகியவற்றைச் சொல்லும் நிர்வாக முறை. இரண்டாவது, மரபணுக் குறியீடுகளையோ மணியின் வேதியியல் அளவுகளையோ கொண்டு தூய்மையைச் சரிபார்க்கும் சோதனை முறை. மூன்றாவது, விதையிலோ மூட்டையிலோ நிறப்பொடி, செயற்கை மரபணுத் துணுக்கு போன்ற அடையாளப் பொருளைச் சேர்ப்பது. நான்காவது, அயல் மகரந்தத்தைச் செடியே தடுக்குமாறு செய்யும் உயிரியல் முறை. எதிர்க்கும் வாதம் வகைக்கு ஏற்ப மாறுகிறது என்பதால் இதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இந்த முறைகளில் ஒரு தனித்தன்மை உண்டு. விதைப்பவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர், மூட்டைக்குக் குறியிடுபவர் இன்னொருவர் என்று ஒரே முறையின் படிகள் பல கைகளில் சிதறிக் கிடக்கின்றன. அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் அகாமாய் வழக்கில், பிறர் செய்யும் படிகளை ஒருவர் தம் கட்டுப்பாட்டில் நடத்தினாலோ, அனைவரும் கூட்டு முயற்சியாகச் செய்தாலோ மட்டுமே எல்லாப் படிகளையும் ஒருவர் மீது சுமத்த முடியும் என்ற நிலையை எடுத்தது. ஒப்பந்தச் சாகுபடியில் வாங்கும் நிறுவனம் ஒவ்வொரு படியையும் கட்டளையிடுமானால், பொறுப்பு அதன் மீதே விழ வாய்ப்புண்டு. உழவர் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் "காப்புரிமை மீறல் ஏற்பட்டால் வளர்ப்பவரே ஈடு செய்வார்" என்ற வாசகம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

புதிய அளவுகோலால் பழைய பொருளை அளந்து காட்டுங்கள்

இத்தகைய தகராறுகளில் நான் மிக முக்கியமானதாகக் கருதும் உத்தி இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். நெடுங்காலமாக இருந்துவரும் பயிரை, அதுவரை எவரும் பயன்படுத்தாத அளவுகோலால் விவரித்து, அந்த விவரிப்பைக் காட்டியே புதுமை என்று சொல்வது பலமுறை நடந்துள்ளது. அந்த அளவுகோலால் எழுதப்பட்ட பழைய நூல் எதுவும் இருக்காது என்பதால் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் தேடினாலும் ஒன்றும் அகப்படாது. அப்போது நூலைத் தேடி அலைவதோடு நில்லாமல், பழைய பொருளையே கையில் எடுத்து அவர்களுடைய அளவுகோலால் அளந்து காட்ட வேண்டும்.

டெக்சாஸ் மாநிலத்து ரைஸ்டெக் நிறுவனத்துக்கு 1997 செப்டம்பர் 2-ஆம் நாள் பாஸ்மதி வகை நெல் மற்றும் மணிகள் தொடர்பாக 20 கோரல்கள் கொண்ட காப்புரிமை அமெரிக்காவில் வழங்கப்பட்டது. அதில் ஸ்டார்ச் குறியீடு என்றொரு அளவு வருகிறது. மணியில் உள்ள அமைலோஸ் சதவீதத்தையும், காரக் கரைசலில் அரிசி எவ்வளவு பரவிக் கரைகிறது என்ற மதிப்பெண்ணையும் கூட்டினால் கிடைப்பதே அது. இரண்டும் அரிசி ஆய்வுக்கூடங்களில் முன்பே வழக்கத்தில் இருந்த சோதனைகள். அவற்றின் கூட்டுத்தொகைக்குப் பெயர் சூட்டப்பட்டதே புதிது. அந்த அளவைக் கொண்டு நெற்செடிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையும் கோரல்களில் இடம்பெற்றிருந்தது. இந்தியாவின் வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்பான அபெடா 2000 ஏப்ரலில் மறுபரிசீலனை கேட்டபோது 20 கோரல்களையும் தாக்கவில்லை. மணியையே உரிமையாக்கி ஏற்றுமதியை நேரடியாக அச்சுறுத்திய 15 முதல் 17 வரையான கோரல்களை மட்டும் குறிவைத்தது. நிறுவனம் அவற்றோடு 4-ஆம் கோரலையும் அவ்வாண்டே கைவிட்டது. அமெரிக்க அலுவலகம் தொடர்ந்து எழுப்பிய கேள்விகளால் மேலும் பல கோரல்கள் வீழ்ந்தன. 2002 ஜனவரியில் மறுபரிசீலனைச் சான்று வெளியானபோது மிஞ்சியவை ஐந்தே. தலைப்பிலிருந்தும் பாஸ்மதி என்ற சொல் நீங்கி, மூன்று குறிப்பிட்ட நெல் வரிசைகளின் பெயர்கள் மட்டும் நின்றன. தமக்குத் தீங்கு செய்யும் கோரலை மட்டும் வலுவான சான்றோடு தாக்கினால், எதிர்த்தரப்பின் மொத்தக் கட்டுமானமும் தளரும் என்பதை இதிலிருந்து நடைமுறை விதியாக எடுத்துக்கொள்ளலாம்.

எனோலா அவரை வழக்கு இதைவிடத் தெளிவானது. கொலராடோவைச் சேர்ந்த விதை வணிகர் ஒருவர் மெக்சிகோவில் வாங்கிய அவரை விதைகளிலிருந்து மஞ்சள் நிறத்தவற்றைத் தேர்ந்தெடுத்துப் பயிரிட்டு, 1996-இல் விண்ணப்பித்து, 1999 ஏப்ரலில் காப்புரிமை பெற்றார். மன்செல் நிற அட்டவணையில் குறிப்பிட்ட மஞ்சள் சாயைக்குள் வரும் அவரை விதையே அவர் கோரியது. மெக்சிகோவிலிருந்து மஞ்சள் அவரை இறக்குமதி செய்தவர்கள் மீது அவர் வழக்குத் தொடுத்தார். கொலம்பியாவின் காலி நகருக்கு அருகிலுள்ள சியாட் என்ற பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையம் 2000 டிசம்பரில் மறுபரிசீலனை கேட்டது. அதன் விதை வங்கியில் மஞ்சள் அவரைச் சேகரிப்புகள் 260 அளவில் இருந்தன. அவற்றுள் ஆறு, கோரப்பட்ட அவரையோடு பெரிதும் ஒத்திருப்பதாக மையம் காட்டியது. எனோலா மெக்சிகோவில் முன்பே வெளியிடப்பட்ட அசுஃப்ராதோ பெருவானோ 87 போன்ற ரகங்களோடு மரபணு அளவில் ஒன்றே என்று 2004-இல் வெளியான ஆய்வு ஒன்றும் காட்டியது. ஆயினும் காப்புரிமை அலுவலக மேல்முறையீட்டு வாரியம் 2008-இல்தான் கோரல்களை நிராகரித்தது. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 2009 ஜூலையில் உறுதி செய்தது. 20 ஆண்டு உரிமையில் பத்தாண்டுகள் அதற்குள் ஓடிவிட்டன, அக்காலம் முழுவதும் மெக்சிகோ உழவர்களின் விளைச்சலுக்கு முன் அந்தத் தாள் குறுக்கே நின்றது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை வருகிறது. வழங்கிய பின் ரத்து செய்வதைவிட, வழங்கும் முன் தடுப்பதற்கே நான் அழுத்தம் தருவது இதனால்தான்.

உங்கள் வேலைக்கு இதிலிருந்து கிடைக்கும் வழி இதுதான். விண்ணப்பத்தில் வரும் அளவு நிறமானாலும், மணியின் நீள அகல விகிதமானாலும், மரபணுக் குறியீடானாலும், அந்த அளவைச் செய்யும் ஆய்வுக்கூடத்துக்கு முன்னுரிமைத் தேதிக்கு (அந்தக் கண்டுபிடிப்புக்காக முதன்முதலில் விண்ணப்பித்த நாளுக்கு) முன்பே இருந்ததாக ஆவணம் உள்ள விதையை அனுப்புங்கள். வெறும் விதை போதாது. அது எந்த ஆண்டு எங்கிருந்து சேகரிக்கப்பட்டது என்று சொல்லும் விதை வங்கிப் பதிவோ, பல்கலைக்கழக வெளியீட்டுக் குறிப்போ, விதைச்சான்றுத் துறைக் கோப்போ உடன் இருக்க வேண்டும்.

சட்டம் எதையெல்லாம் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு உங்களுக்கு வலிமையான துணை. அதன் எச் உட்பிரிவு வேளாண்மை அல்லது தோட்டக்கலை முறைகளை விலக்குகிறது. விலகு தூரம், கலவன் நீக்கம், தனி அறுவடை ஆகியவை மட்டுமே கோரலின் உயிராக இருந்தால் இதுவே முதல் வாதம். ஜே உட்பிரிவு, நுண்ணுயிர்கள் தவிர்த்த தாவரங்களையும் அவற்றின் பகுதிகளையும், விதைகளையும், ரகங்களையும், உற்பத்திக்கும் பெருக்கத்துக்குமான சாராம்சத்தில் உயிரியல் சார்ந்த செயல்முறைகளையும் விலக்குகிறது. கே உட்பிரிவு வணிக முறைகளையும் கணினி நிரல்களையும் விலக்குவதால், மூட்டையைப் பின்தொடரும் நிர்வாக முறைகளுக்கு எதிராக அது பயன்படும். பி (p) உட்பிரிவு மரபறிவைப் பற்றியது. திருநெல்வேலிப் பக்கத்தில் விதை நெல்லை வைக்கோல் பிரியால் சுற்றிக் கோட்டை கட்டிக் காத்ததைப் போன்ற வழக்கங்கள் கோரலுக்குள் நுழைந்திருந்தால் அதை எடுத்துவைக்கலாம்.

மரபணுக் குறியீட்டுச் சோதனை ஒன்று சேர்க்கப்பட்டிருப்பதாலேயே உயிரியல் செயல்முறை தொழில்நுட்பமாகிவிடுமா என்ற கேள்வியை ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் விரிவாக்கப்பட்ட மேல்முறையீட்டு வாரியம் புரோக்கோலி, தக்காளி வழக்குகளில் எதிர்கொண்டது. கலப்பும் தேர்வுமே அடிப்படையாக இருக்கும்போது, அவற்றுக்கு உதவியாக வரும் தொழில்நுட்பப் படி அந்த விலக்கிலிருந்து தப்புவிக்காது என்று 2010 டிசம்பரில் அது முடிவு செய்தது. அந்த முடிவு இந்திய அலுவலகத்தைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் ஒரே மாதிரியான சொற்களுக்குத் தரப்பட்ட விளக்கம் என்ற வகையில் அதைச் சுட்டிக்காட்டலாம்.

இந்த விலக்குகளை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. மான்சான்டோவின் பிடி பருத்திக் காப்புரிமை 3-ஆம் பிரிவின் ஜே உட்பிரிவால் செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு 2018 ஏப்ரலில் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அத்தீர்ப்பை நீக்கி, முழு விசாரணை நடக்கட்டும் என்று தனி நீதிபதியிடம் திருப்பி அனுப்பியது. பின்னர் தரப்பினர் சமரசம் செய்துகொண்டனர். ஆகவே விலக்கு வாதத்தோடு புதுமையின்மை, முன்னறிவிலிருந்து எளிதில் பெறத்தக்கது என்ற வாதங்களையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

உயிரியல் தடுப்பு முறைகளில் நேர்மையோடு பிரித்துப் பார்க்கவேண்டிய இடமும் உண்டு. சில பொரிச்சோள (பாப்கார்ன்) வகைகளில் உள்ள ஜிஏ1 என்ற மரபுக் காரணி, அதைத் தாங்காத அயல் மகரந்தம் சூலகத்தை அடையாமல் தடுக்கிறது. மக்காச்சோள மரபியலாளர்கள் இதை 1920-களிலேயே விவரித்துள்ளனர். அதே காரணியை வயல் மக்காச்சோளத்துக்குக் கொண்டுவந்து, மரபணு மாற்று மகரந்தத்திலிருந்து இயற்கை வேளாண் மக்காச்சோளத்தைக் காக்கும் முறை அமெரிக்காவில் காப்புரிமை பெற்று, பியூராமெய்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இங்கே பழைய காரணியின் மீது எவரும் உரிமை கொண்டாட முடியாது. குறிப்பிட்ட வளர்ப்பு முறைக்கு ஒருவர் உழைத்திருந்தால் அந்தக் குறுகிய பகுதியை மதித்து, அதைத் தொடாமல் பொரிச்சோளத்திலிருந்து நேரடியாகத் தம் சொந்த வழியில் வளர்க்க முடியுமா என்று மற்றவர் ஆராயலாம். ஒவ்வொரு காப்புரிமையையும் கொள்ளை என்று எழுதும் மனு பரிசீலிப்பவரிடம் மதிப்பிழக்கும்.

ஒப்பீட்டு அட்டவணை தயாரிப்பது

ஒரு கற்பனைக் கோரலை எடுத்துக்கொள்வோம். அறியப்பட்ட நெல் ரகத்தின் விதையைப் பிற நெல் வயல்களிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி விதைத்தல். பூக்கும் முன்னும் பூக்கும்போதும் கலவன்களை நீக்குதல். துப்புரவு செய்த இயந்திரத்தால் அறுத்தல். மாதிரி எடுத்து மரபணுக் குறியீட்டால் சோதித்தல். முடிவை மூட்டையின் கியூஆர் குறியீட்டோடு இணைத்தல். இடப்பக்கத்தில் இந்த ஐந்து படிகளையும் எழுதி, வலப்பக்கத்தில் ஒவ்வொன்றும் முன்பே எங்கே சொல்லப்பட்டிருக்கிறது என்று ஆவணத்தின் பெயர், பக்கம், தேதியோடு எழுதுங்கள்.

முதல் மூன்று படிகளும் இந்தியக் குறைந்தபட்ச விதைச்சான்று நெறிமுறைகளிலேயே கிடைத்துவிடும். நெல் ரகங்களுக்கு 3 மீட்டர் விலகு தூரம் அந்த நெறிமுறையில் உள்ள எண்தான். 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டமும் 1968-ஆம் ஆண்டின் விதை விதிகளும், வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை என்ற நடைமுறையும் சேர்ந்து, வயலிலிருந்து மூட்டை வரை அடையாளத்தைத் தொடர்ந்து காக்கும் அமைப்பு பல பத்தாண்டுகளாக இங்கே இயங்குவதைக் காட்டும். கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு விதைச்சான்றுத் துறையின் வயலாய்வு அறிக்கைகளும், வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் உற்பத்தி வழிகாட்டிகளும் தேதியிட்ட சான்றுகள். ஐந்தாவது படிக்கு, மத்திய அரசு 2023 ஏப்ரலில் தொடங்கிய சாத்தி என்ற விதைத் தடமறியும் தளம் உதவும். ஆனால் விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதி அதற்கு முந்தையதாக இருந்தால் அது பயன்படாது, அதற்கு முன்பே வெளிவந்த ஆவணத்தைத் தேட வேண்டும்.

இங்கே பலர் ஒரு தவறைச் செய்கிறார்கள். புதுமை இல்லை என்று நிரூபிக்க, எல்லாப் படிகளும் ஒரே ஆவணத்தில் இருக்க வேண்டும். ஐந்து படிகளை ஐந்து நூல்களிலிருந்து திரட்டினால் அது புதுமையின்மைக்குச் சான்றாகாது. துறையறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியது என்ற வாதத்துக்கே அது பயன்படும். அப்போது அவற்றை ஒருவர் ஏன் ஒன்றுசேர்த்திருப்பார் என்ற காரணத்தையும் சொல்ல வேண்டும். வயலாய்வால் மட்டும் பிரித்தறிய முடியாத கலப்பை ஆய்வுக்கூடச் சோதனையால் உறுதி செய்வது விதைத் தொழிலில் வழக்கம் என்று, அத்துறையில் பணியாற்றிய ஒருவர் பிரமாணப் பத்திரம் அளித்தால் அந்தக் காரணம் நிறைவு பெறும்.

பிற நாட்டு ஆவணங்களைத் தேட எஸ்பாஸ்நெட், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப் ஆகிய கட்டணமில்லாத் தளங்கள் உள்ளன. சொற்களை மட்டும் இட்டால் ஆயிரக்கணக்கில் வந்து குவியும் என்பதால் வகைப்பாட்டு எண்களோடு தேடுங்கள். தாவர வளர்ப்பு முறைகளுக்கு ஏ01எச் 1, தாவர மரபணுச் சோதனைகளுக்கு சி12க்யூ 1/6895, வேளாண் நிர்வாக முறைகளுக்கு ஜி06க்யூ 50/02, நிறம் பார்த்துத் தரம் பிரிக்கும் கருவிகளுக்கு பி07சி 5/342 ஆகியவை பயனுள்ளவை.

எழுத்தில் இல்லாத வழக்கமும் வீண் போகாது. எதிர்ப்புக்கான 11 காரணங்களைச் சட்டம் வகுத்துள்ளது. அவற்றின் இறுதியானது, இந்தியாவிலோ பிற நாட்டிலோ உள்ளூர் அல்லது பழங்குடிச் சமூகத்தில் வாய்மொழியாகவோ வேறு வகையிலோ நிலவும் அறிவால் அந்தக் கண்டுபிடிப்பு முன்பே அறியப்பட்டது என்பதாகும். அதற்கு முந்தைய காரணம், பயன்படுத்திய உயிரியல் பொருளின் மூலத்தையோ புவியியல் பிறப்பிடத்தையோ சொல்லாமல் மறைத்தது அல்லது தவறாகச் சொன்னது. விண்ணப்பம் இந்திய உயிரியல் வளத்தை அடிப்படையாகக் கொண்டதானால், சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி அல்லது பதிவு 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி பெறப்பட்டதா என்பதையும் சரிபாருங்கள்.

எப்போது, எங்கே தாக்கல் செய்வது

விண்ணப்பங்கள் பொதுவாக முன்னுரிமைத் தேதியிலிருந்து 18 மாதங்கள் கழித்து, வெள்ளிக்கிழமைதோறும் வரும் காப்புரிமை இதழில் வெளியாகும். வெளியான நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் காப்புரிமை வழங்கப்படுவதில்லை. அந்த இடைவெளியே உங்களுக்கு உறுதியாகக் கிடைக்கும் காலம். வழங்கப்படும் நாள் வரை எவரும் 25-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவின்படி 7ஏ படிவத்தில் எதிர்ப்பு மனு தரலாம். 2024 மார்ச்சில் வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் கட்டணம் உண்டு. மனு ஏற்கத்தக்கதா என்பதையும் காப்புரிமை அலுவலகத்தின் கட்டுப்பாட்டாளர் முதலில் பார்க்கிறார். ஆகவே பொதுவான கண்டனக் கடிதம் அந்த வாசலிலேயே நின்றுவிடும். ஒப்பீட்டு அட்டவணை, ஆவணங்கள், பிரமாணப் பத்திரங்கள் ஆகியவற்றோடு முழுமையாகத் தாக்கல் செய்யுங்கள். நேரில் கேட்கப்பட விரும்பினால் அக்கோரிக்கையை மனுவிலேயே எழுத வேண்டும். தமிழ் ஆவணங்களுக்குச் சரிபார்க்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை இணையுங்கள். சென்னை கிண்டியில் காப்புரிமை அலுவலகத்தின் கிளை உள்ளது.

வழங்கப்பட்டுவிட்டால், வழங்கப்பட்ட அறிவிப்பு வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் 7-ஆம் படிவத்தில் எதிர்க்கலாம். இம்முறை அத்துறையில் நலன் உள்ளவராக இருக்க வேண்டும். மூன்று பேர் கொண்ட எதிர்ப்பு வாரியம் சான்றுகளை ஆராயும். அந்த ஓராண்டும் கடந்தால், உயர் நீதிமன்றத்தில் 64-ஆம் பிரிவின்படி ரத்து மனு தாக்கல் செய்வதும், மீறல் வழக்கு வந்தால் எதிர்க்கோரிக்கையாக ரத்து கேட்பதும் எஞ்சியிருக்கும்.

அறிவிப்புக் கடிதம் கைக்கு வந்தால்

வழக்கறிஞர் அறிவிப்பு வந்ததும் மூட்டைகளை அப்புறப்படுத்துவதும், கேட்ட தொகைக்கு உடன்பட்டுக் கையெழுத்திடுவதும் கூடாது. காப்புரிமை எண், மீறப்பட்டதாகச் சொல்லும் கோரல், உங்கள் எந்தச் செயல் எந்தப் படிக்குப் பொருந்துகிறது என்ற விவரம் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஆதாரமின்றி மிரட்டப்பட்டால் 106-ஆம் பிரிவின்படி நீங்களே நிவாரணம் கேட்கலாம். உங்கள் முறை மீறலாகாது என்ற அறிவிப்பை 105-ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் பெறலாம்.

முறைக்கான காப்புரிமையில் 104ஏ பிரிவைக் கவனியுங்கள். சில சூழல்களில், தாம் பயன்படுத்தியது வேறு முறை என்று நிரூபிக்கும் பொறுப்பை நீதிமன்றம் எதிர்வாதி மீது வைக்கலாம். அதற்கு முன் வழக்குத் தொடுப்பவர், உங்கள் பொருள் அந்த முறையால் நேரடியாகப் பெறப்படும் பொருளோடு ஒன்றே என்று காட்ட வேண்டும். தூய்மையைச் சோதிக்கும் முறை தகவலைத்தான் தருகிறது, நெல்லை உண்டாக்குவதில்லை என்ற வாதம் இங்கே எழுகிறது. எப்படியாயினும், விதைத்த நாள், விதையின் தொகுதி எண், கலவன் நீக்கிய நாட்கள், இயந்திரம் துப்புரவு செய்த நேரம், சோதனை நடந்த ஆய்வுக்கூடம் ஆகியவற்றை அன்றன்றே எழுதிய வயல் பதிவேடு உங்களிடம் இருந்தால் அந்தப் பொறுப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மாதிரி எடுக்கும்போது, விதை ஆய்வாளர் விதைச் சட்டப்படி செய்வதைப் போல ஒரே மாதிரியை மூன்றாகப் பிரித்து முத்திரையிட்டு, ஒன்றை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, ஒன்றை உங்களிடமும் ஒன்றைப் பொதுவான நபரிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வயலில் அயல் மகரந்தம் விழுந்து அதனாலேயே குற்றம் சாட்டப்பட்டால், எழுத்துறுதி கேட்பது பயன் தரக்கூடும். அமெரிக்க இயற்கை வேளாண் விதை அமைப்புகள் மான்சான்டோவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு 2013 ஜூனில் தள்ளுபடியானது. ஆனால் ஏறத்தாழ ஒரு சதவீத அளவிலான தற்செயல் கலப்புக்காக வழக்குத் தொடுக்க மாட்டோம் என்று அந்நிறுவனம் தந்த உறுதி அதைக் கட்டுப்படுத்தும் என்பதையே நீதிமன்றம் அதற்குக் காரணமாகக் காட்டியது. கனடாவில் உழவர் ஷ்மைசருக்கும் மான்சான்டோவுக்கும் இடையே நடந்த வழக்கின் 2004 முடிவு உழவருக்கு எதிராகப் போனதற்கு, வயலில் இருந்தது தற்செயலாக விழுந்த சில செடிகள் அல்ல, சேமித்து விதைக்கப்பட்ட பெரும்பரப்பு என்ற கண்டறிதலே அடிப்படை. ஆகவே கலப்பு தெரிந்த நாள், அதன் பிறகு அந்த விதையை நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற இரண்டையும் பதிவு செய்வது இன்றியமையாதது.

உங்கள் குழு புதிதாக ஒரு தூய்மை காக்கும் வழியைக் கண்டு, அது எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று விரும்பினால், அதை இரகசிய ஒப்பந்தத்துக்குள் வைக்காதீர்கள். மறைவாகப் பயன்படுத்தியது பிற்காலத்தில் பொதுப் பயன்பாட்டுக்குச் சான்றாவது கடினம். படிகளை அளவுகளோடு முழுமையாக எழுதி, தேதி உறுதிப்படும் இதழிலோ பல்கலைக்கழக வெளியீட்டிலோ அச்சிடுங்கள், ஆங்கிலச் சுருக்கமும் சேருங்கள். பிற நாட்டுப் பரிசோதகர் தேடும்போது அது கண்ணில் பட வேண்டும்.

வழங்கலுக்குப் பிந்தைய எதிர்ப்பில் முடிவு உங்களுக்கு எதிராக வந்தால், முடிவு நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் 117ஏ பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்; முன்பு இவற்றை விசாரித்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டதால், சென்னைக் கிளையின் முடிவுகள் சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துப் பிரிவுக்குச் செல்லும். சான்றிட்ட நகலுக்கு முடிவு வந்த வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். முத்திரையிட்ட மாதிரிகளை மேல்முறையீடு முடியும் வரை ஈரமும் பூச்சியும் படாத இடத்தில் திறக்காமல் வைத்திருங்கள்.